இரண்டு பக்கத்தின் எடை

2009 ஆகஸ்ட் மாத 'பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' ஆய்விதழில் 2078ஆம் பக்கத்தில் தொடங்கும் ஒரு கட்டுரை அடுத்த பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. நோய்க்கு மருந்து கண்டதாகவோ புதிய மரபணுவைக் கண்டெடுத்ததாகவோ அதில் ஒரு வரி கிடையாது. டிஎன்ஏ வாசிப்புகளைக் கணினியில் எந்த வடிவத்தில் எழுதிவைக்கலாம் என்று ஒரு யோசனை. எழுதிவைத்ததைத் திறக்கவும் அடுக்கவும் தேடவும் ஒரு மென்பொருள். சரக்கு இவ்வளவுதான். வடிவத்தின் பெயர் சாம், மென்பொருளின் பெயர் சாம்டூல்ஸ். அந்த இரண்டு பக்கத்தைப் பல பத்தாயிரம் ஆய்வுக்கட்டுரைகள் மேற்கோள் காட்டிவிட்டன. இந்த நூற்றாண்டில் உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் பெற்ற எழுத்துகளில் அதுவும் ஒன்று.

ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் ஹெங் லீ. நாஞ்சிங்கில் இயற்பியல் படித்து, 2006இல் சீன அறிவியல் கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு இங்கிலாந்தின் சேங்கர் நிறுவனத்தில் ரிச்சர்ட் டர்பினோடு பணிபுரிந்தார். 2009இல் அமெரிக்காவின் பிராட் நிறுவனத்துக்குப் போனார். இப்போது பாஸ்டனில் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் இருக்கிறார். உயிர்தகவலியலில் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசை போட்டால் முன்வரிசையில் நிற்கும் ஒரு சிலரில் இவரும் ஒருவர். அந்த எண்ணிக்கை அவருடைய பணியைச் சரியாக நிறுக்கிறதா என்பதுதான் என் கேள்வி. நிறுக்கவில்லை என்பது என் எண்ணம். கூடுதலாகக் காட்டுகிற இடமும் உண்டு, குறைத்துக் காட்டுகிற இடமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அவரைப் புகழ்வதும் வீண், எண்ணைப் பழிப்பதும் வீண்.

முதலில் கூடுதலாகக் காட்டும் பக்கம்.

மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளம். அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவி கிடையாது. 2008 வாக்கில் புழக்கத்துக்கு வந்த கருவிகள் 35 எழுத்துத் துண்டுகளாகக் கோடிக்கணக்கில் வாசித்துக் கொட்டின. ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கணினிதான் கண்டுபிடித்தாக வேண்டும். கிழித்துப்போட்ட ஒரு புத்தகத்தை, அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சேர்ப்பதுபோன்ற வேலை. லீயின் முந்தைய மென்பொருளான மேக் இதைச் சரியாகச் செய்தது, ஆனால் மெதுவாகச் செய்தது. 2009இல் வந்த பிடபிள்யூஏ அதைவிட 10 முதல் 20 மடங்கு வேகம் என்று கட்டுரைச் சுருக்கமே சொல்கிறது. இந்தக் கட்டுரைக்கும் மேற்கோள் பல பத்தாயிரம்.

அந்த வேகத்தின் ரகசியம் பர்ரோஸ்-வீலர் உருமாற்றம். அது லீயுடையது அன்று. 1994இல் மைக்கேல் பர்ரோஸும் டேவிட் வீலரும், கோப்புகளைச் சுருக்குவதற்காக, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றில் எழுதிவைத்தது. சுருக்கிய கோப்பை விரிக்காமலே அதற்குள் தேடலாம் என்று 2000இல் காட்டியவர்கள் ஃபெர்ராஜினாவும் மன்சினியும். டிஎன்ஏ துண்டுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம்கூட லீக்கு மட்டும் தோன்றியதன்று. பென் லாங்மீட் குழுவின் போடை அதே ஆண்டில், சில வாரம் முந்தி, அச்சேறியது. ஷென்சென்னிலிருந்து சோப்2 அதே ஆண்டில் வந்தது. காலம் கனிந்திருந்தது, மூன்று பேர் மூன்று திசையிலிருந்து ஒரே பழத்தைப் பறித்தார்கள். பிடபிள்யூஏ சிறந்த கைவேலை. எழுத்துகள் விடுபடுவதாலோ கூடுவதாலோ வரும் இடைவெளிகளைக் கையாண்ட விதத்தில் அன்றைய போடையைவிட மேல். ஆனால் அதற்குக் கிடைத்த மேற்கோள்களில் ஒரு பங்கு 1994க்கும் 2000க்கும் போய்ச் சேர வேண்டியது. மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் அதன் கட்டுரையைத்தான் சுட்டுவார், அதன் பாட்டன் பூட்டனைச் சுட்ட மாட்டார். மேற்கோள் கணக்கு ஒரு தலைமுறைக்குமேல் பின்னால் போவதில்லை.

சாம்டூல்ஸின் கதை இன்னும் சிக்கலானது. கட்டுரையில் ஒன்பது பெயர்கள். கூடவே '1000 மரபணுத்தொகுதித் திட்டத்தின் தரவுக் குழு' என்று ஒரு கூட்டுப்பெயர். முதல் இருவரும், அதாவது லீயும் பாப் ஹேண்ட்சேக்கரும், சமமான முதல் ஆசிரியர்கள் என்று கட்டுரையிலேயே குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? மேற்கோள் தளங்கள் ஒன்பது பேருக்கும் முழு எண்ணிக்கையையும் அப்படியே எழுதிவிடுகின்றன. ஒரு படி அரிசியை ஒன்பது வீட்டுக்கும் ஒவ்வொரு படியாகக் கணக்கெழுதுகிற கூட்டல் இது. 1000 மரபணுத்தொகுதித் திட்டத்தில் பங்கேற்ற ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் தரவைப் பரிமாறிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தது. ஒரு பெரும் கூட்டுத்திட்டத்தின் முத்திரை விழுந்த வடிவம் உலக வடிவமாவதில் வியப்பில்லை. ஊர் முழுக்க ஒரே மரக்காலால் அளக்கத் தொடங்கிவிட்டால் மரக்கால் செய்தவரின் பெயர் எல்லாச் சந்தையிலும் ஒலிக்கும். மரக்கால் நன்றாக இருந்ததும் காரணம், சந்தை பெரிதாக இருந்ததும் காரணம்.

அந்த மரக்காலிலும் குறை உண்டு. 35 எழுத்துத் துண்டுகளும் மனிதக் குரோமோசோம்களும் மட்டுமே கண்ணில் பட்ட காலத்தில் எடுத்த முடிவுகள் பின்னால் இடித்தன. தேடலுக்காக வகுத்த பழைய அட்டவணை 53 கோடியே 68 லட்சத்துச் சொச்சம் எழுத்துக்கு மேல் நீளமான குரோமோசோமைக் கையாளாது. மனிதருக்கு அது தாராளம். கோதுமைக்குப் போதாது, அதன் பெரிய குரோமோசோம்கள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. கோதுமை ஆய்வாளர்கள் குரோமோசோமை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒரு துண்டின் பொருத்தத்தை விவரிக்கும் படிகளின் எண்ணிக்கைக்கு 16 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். மிக நீண்ட வாசிப்புகள் வந்ததும் 65,535 என்ற வரம்பும் உடைந்தது. இரண்டுக்கும் பிறகு மாற்று வழி வந்தது, இரண்டாவதற்கு லீயே முன்கை எடுத்தார். இருந்தாலும், இவ்வளவு பேர் மேற்கோள் காட்டியது என்பதால் இவ்வளவு நன்றாகச் சிந்திக்கப்பட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

மென்பொருள் கட்டுரைகளுக்கு இப்படி எண்ணிக்கை ஊதிப்போவது லீக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2014இல் 'நேச்சர்' இதழ் அதுவரை அதிகம் மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளை வரிசைப்படுத்தியது. புரத அளவைக் காணும் ஓர் ஆய்வக முறையைச் சொன்ன 1951ஆம் ஆண்டுக் கட்டுரை முதலிடம். கிளஸ்டல்-டபிள்யூ பத்தாம் இடம், பிளாஸ்ட் பன்னிரண்டாம் இடம். இரண்டும் உயிர்தகவலியல் கருவிகள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன்-கிரிக் கட்டுரை அந்த நூறுக்குள் வரவே இல்லை. இன்னொரு வேடிக்கை: படிகவியலாளர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தம் மென்பொருளின் வரலாற்றை 2008இல் எழுதி, பயன்படுத்துகிறவர்கள் இதையே மேற்கோள் காட்டலாம் என்று சுருக்கத்திலேயே சொல்லிவைத்தார். அதைத் தாங்கி வந்த ஆய்விதழின் தாக்கக் குறியீடு 2 என்ற அளவிலிருந்து மறு ஆண்டு ஏறத்தாழ 50க்கு எகிறியது. இதழின் தரம் ஓராண்டில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்ததாக எந்தப் படிகவியலாளரும் நினைத்திருக்க மாட்டார்.

இனிக் குறைத்துக் காட்டும் பக்கம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

லீயின் பட்டியலில் மேற்கோள் வரிசையில் சற்றுக் கீழே கிடக்கிறது 2008ஆம் ஆண்டின் மேக் கட்டுரை. அந்த மென்பொருளை இன்று யாரும் தொடுவதில்லை. ஆனால் அதற்குள் ஒரு கருத்து இருக்கிறது: பொருத்தத் தரம். துண்டுகளை இடம் சேர்க்கும் அன்றைய மென்பொருள்கள் பல, ஒரு துண்டு இரண்டு இடத்தில் பொருந்தினால் தூக்கிப்போட்டன, அல்லது கண்ணைமூடிக்கொண்டு ஓரிடத்தில் வைத்தன. மேக் வேறொன்று செய்தது. துண்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு, 'நான் இங்கே வைத்தது தவறாக இருக்க இத்தனை வாய்ப்பு' என்று ஓர் எண்ணையும் கூடவே எழுதியது. 20 என்றால் நூறில் ஒரு வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. தனி எழுத்துகளின் நம்பகத்தை இப்படி எண்ணாகச் சொல்லும் வழக்கத்தை ஃபில் கிரீனின் குழு முன்பே கொண்டுவந்திருந்தது. அதை முழுத் துண்டின் இருப்பிடத்துக்கு விரித்ததுதான் இங்கே புதுமை. ஐயத்தை மறைக்காமல் அளந்து அடுத்தவர் கையில் கொடுப்பது. ஒரு நோயாளியின் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று மருத்துவர் இன்று சொல்கிறாரென்றால், அந்த முடிவுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எண் நிற்கிறது.

இந்தக் கருத்துக்கு எத்தனை மேற்கோள்? கணக்கிட வழியே இல்லை. சாம் கோப்பின் ஐந்தாம் பத்தியில் அது ஒரு நிரந்தர இடத்தைப் பிடித்துவிட்டது. கோப்பைப் பயன்படுத்துகிறவர் அதைச் சுட்டுவதில்லை, மூச்சுக் காற்றை யாரும் மேற்கோள் காட்டாததுபோல. இந்த நிலைமை தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததுதான். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை புரத மடிப்பில் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று வரைந்து காட்டியது. புரத அமைப்பு ஒன்றைக் கண்டறிகிறவர் இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார். மூலக் கட்டுரையைச் சுட்டுவது பல நேரம் விட்டுப்போகிறது. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட கண்டுபிடிப்பு மேற்கோள் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறது.

பொருத்தத் தரத்துக்கு நேர்ந்த இன்னொரு கதியையும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த மென்பொருள்கள் அதே பத்தியில் தங்கள் தங்கள் எண்ணைப் போட்டன. பிடபிள்யூஏ-மெம் 60க்கு மேல் போகாது, போடை2 42க்கு மேல் போகாது, ஸ்டார் என்ற மென்பொருள் ஓரிடத்தில் மட்டும் பொருந்தினால் 255 என்று எழுதுகிறது. நிகழ்தகவு என்று பிறந்தது வெறும் தேர்ச்சி மதிப்பெண்ணாகிவிட்டது. நம்பகத்தை அளக்க வந்த ஓர் எண், கையாளுகிறவர்களின் வசதிக்காகப் பொருளிழந்து போவதை லீயின் கோப்பு வடிவத்துக்குள்ளேயே பார்க்கலாம். மேற்கோள் எண்ணிக்கைக்கு நடந்ததும் இதுதானே.

2011இல் டர்பினோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, என் பார்வையில், லீ அறிவியலுக்குத் தந்த மிக அழகான எண்ணம். நம் ஒவ்வொருவரிடமும் மரபணுத்தொகுதி இரண்டு பிரதி இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. எந்த இடத்தை எடுத்தாலும் அந்த இரண்டு பிரதிகளும் எப்போதோ ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தால் இரண்டுக்கும் இடையில் வேறுபாடு அடர்த்தியாக இருக்கும். அண்மையில் பிரிந்திருந்தால் அபூர்வமாக இருக்கும். குரோமோசோம் நெடுக இந்த அடர்த்தி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தால், எந்தக் காலத்தில் மூதாதையர் கூட்டம் சிறுத்தது, எந்தக் காலத்தில் பெருத்தது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு ஆளின் இரத்தம் போதும். பிஎஸ்எம்சி என்ற இந்த முறையால் டெனிசோவா மனிதர்களின் கூட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தது என்று பார்த்தார்கள், பாண்டா கரடிகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார்கள், அழிந்துபோன கம்பளி யானையின் கடைசிக் காலத்தைப் பார்த்தார்கள்.

இங்கும் ஒரு தடை உண்டு. ஒரு கூட்டம் சிதறி, தனித்தனிக் குழுக்களாக வாழ்ந்து, பிறகு கலந்திருந்தால் அதுவும் வரைபடத்தில் 'மக்கள்தொகை பெருத்தது' என்பதுபோலவே தெரியும். இதை மக்கள்தொகை மரபியலாளர்கள் பிறகு விரிவாகவே சுட்டிக்காட்டினார்கள். கடைசி இருபதாயிரம் ஆண்டுகளைப் பற்றி ஒரே ஆளின் தரவு தெளிவாகப் பேசாது என்பதை மூலக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு விலங்கின் மரபணுத்தொகுதியைப் புதிதாக வாசித்தவர்கள் பலர், சடங்குபோல ஒரு பிஎஸ்எம்சி வரைபடத்தைக் கட்டுரையில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த மேற்கோள்களில் எத்தனை சிந்தித்துச் செய்தவை, எத்தனை பழக்கத்தில் செய்தவை என்று எண் சொல்லாது. அதற்கு லீயைக் குற்றம் சொல்ல முடியாது. எண்ணை வைத்து அவரைப் பாராட்டவும் முடியாது.

அவருடைய பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழக்கம்: தம் கருவியைத் தாமே காலாவதியாக்குவது. மேக்கைக் கொன்றது பிடபிள்யூஏ. முதல் பிடபிள்யூஏவை ஓரங்கட்டியது 2013இன் பிடபிள்யூஏ-மெம். நீண்ட வாசிப்புகள் வந்தபோது 2018இல் மினிமேப்2. அன்றைய நீள்வாசிப்பு மென்பொருள்களைவிடக் குறைந்தது 30 மடங்கு வேகம் என்று அறிவித்துக்கொண்டு வந்தது. கொரோனாக் காலத்தில் கைக்கு அடக்கமான வரிசையாக்கக் கருவிகளிலிருந்து வந்த வைரஸ் மரபணுத்தொகுதிகளை உலகின் பல மூலைகளில் அதுதான் பொருத்திக்கொடுத்தது. மேற்கோளே குறிக்கோள் என்றால் பழைய கட்டுரையின் மேல் உட்கார்ந்துகொண்டு காலம் தள்ளியிருக்கலாம். மினிமேப்2 கட்டுரையில் ஒரே ஒரு ஆசிரியர். 2011இல் எழுதிய டாபிக்ஸ், அதே ஆண்டின் புள்ளியியல் சட்டகக் கட்டுரை, 2016இன் மினிமேப்-மினியேசம் எல்லாமே ஒற்றை ஆசிரியர் கட்டுரைகள். நூறு பெயர் கொண்ட கூட்டுக் கட்டுரைகள் மலிந்த துறையில் இது அபூர்வம். யார் செய்தது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. சாம்டூல்ஸில் பங்கு பிரிக்கத் திண்டாடிய நமக்கு இங்கே வேலை எளிது.

நேர்மையும் கூடவே வருகிறது. மினியேசம் கோக்கும் மரபணுத்தொகுதியில் பிழைவிகிதம் மூல வாசிப்பின் பிழை அளவுக்கே இருக்கும், அதைத் திருத்தும் படி இதில் இல்லை என்று அவரே எழுதினார். 2018இல் சக ஆய்வாளர்களுடன் ஒரு சோதனைத் தரவையும் உருவாக்கினார். அதுவரை இருந்த தரவரிசைச் சோதனைகள் எளிதான பகுதிகளை மட்டும் கேட்டு எல்லா மென்பொருளுக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தன என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தம் மென்பொருளையும் சேர்த்து மாட்டிவிடும் தேர்வுத்தாளைத் தாமே எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

எதிர்த்திசையையும் இதே துறை பார்த்திருக்கிறது. 2019இல் 'பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' ஆய்விதழின் ஆசிரியர்கள் ஒரு மதிப்பீட்டாளரைப் பற்றித் தலையங்கம் எழுதினார்கள். தம்மிடம் வந்த ஒவ்வொரு கட்டுரையிலும் சராசரியாக 30க்கு மேற்பட்ட மேற்கோள்களைச் சேர்க்கச் சொன்னவர் அவர். அவற்றில் பெரும்பகுதி அவர் எழுதியவை. இனி மதிப்பீட்டுக்கு அழைப்பதில்லை என்று முடிவானது. அவருடைய எண்ணும் லீயின் எண்ணும் ஒரே தளத்தில், ஒரே எழுத்துருவில், ஒரே வரிசையில்தான் கிடக்கும்.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-குறியீடு இதைச் சரிசெய்துவிடும் என்பார்கள். செய்யாது. அந்தக் குறியீட்டில் ஐம்பதாயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் நூறு மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்று, ஒன்று என்றுதான் எண்ணப்படும். ஆண்டுக்குப் பத்துச் சுமாரான கட்டுரை எழுதுகிறவர் அதில் லீயை எட்டிப்பிடித்துவிட முடியும். ஒரு கட்டுரைகூட எழுதாமல் லீ வெளியிட்ட செக்டிகே போன்ற சிறு கருவிகளுக்கு அதில் இடமே கிடையாது.

ஆக, என் தீர்ப்பு இது. ஹெங் லீ முதல் வரிசையில் வைக்கத்தக்கவர்தான். ஆனால் மேற்கோள் பட்டியல் காட்டும் காரணத்துக்காக அன்று. பட்டியல் சாம்டூல்ஸை உச்சியில் வைக்கிறது, பிடபிள்யூஏவை அடுத்து வைக்கிறது, மினிமேப்2ஐ அதற்குப் பின்னால் வைக்கிறது, பிஎஸ்எம்சியையும் மேக்கையும் கீழே தள்ளுகிறது. நான் ஏறக்குறைய தலைகீழாக வைப்பேன். பொருத்தத் தரம் என்ற கருத்துக்காக மேக் முதலில், பிஎஸ்எம்சி அடுத்து, தனி ஒருவரின் முழு முதிர்ச்சி தெரியும் மினிமேப்2 மூன்றாவது, பிறர் எண்ணத்தின் மேல் நின்ற சிறந்த கைவேலையான பிடபிள்யூஏ அதன் பின், கூட்டுச் சொத்தான சாம்டூல்ஸ் கடைசியில். பிஎஸ்எம்சியை மேக்குக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று யாராவது வாதாடினால் நான் அதிகம் எதிர்க்க மாட்டேன். சாம்டூல்ஸை மேலே தூக்கச் சொன்னால் எதிர்ப்பேன்.

நியமனக் குழுவிலோ பதவி உயர்வுக் குழுவிலோ உட்கார்ந்திருப்பவர் யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், விண்ணப்பதாரரின் பட்டியலில் இரண்டு கட்டுரைகளையாவது திறந்து வாசியுங்கள். மென்பொருள் செய்கிறவராக இருந்தால் அவர் ஆய்விதழ்களுக்கு வெளியே விட்டுவைத்தவற்றையும் தேடுங்கள். பிடபிள்யூஏ-மெம்மை அறிமுகப்படுத்திய கட்டுரை மூன்றே பக்கம். 2013 மார்ச்சில் ஆர்கைவ் முன்பதிப்புத் தளத்தில் ஏறியது. எந்த ஆய்விதழிலும் வெளிவராமல், பல்லாயிரம் மேற்கோள்களோடு, இன்றும் அங்கேயே இருக்கிறது.